மூன்று விரல்கள், முப்பது விழுக்காடு: ஒரு பவர் பிரஸ் விபத்தின் இழப்பீட்டுக் கணக்கு

விபத்து நடந்த நாள் 2022 ஆகஸ்ட் 10. இடம், தமிழ்நாட்டில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு ஸ்டாம்பிங் பட்டறை. ஆபரேட்டருக்கு 38 வயது. தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ்ஸைப் பத்து வருடமாக ஓட்டுபவர், டை (அச்சு) செட் செய்யவும் தெரிந்தவர். ஒரு அடி முடிந்து பீஸை எடுக்கக் கையை உள்ளே விட்டபோது, பெடலை மிதிக்காமலே ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பகுதி) இரண்டாவது முறை இறங்கிவிட்டது. வலது கையில் சுட்டுவிரல் அடியோடு போனது. நடுவிரலில் இரண்டு கணு போனது. மோதிர விரல் நசுங்கி, தைத்துக் காப்பாற்றப்பட்டது. ஆனால் மடங்கியபடியே விறைத்துவிட்டது.

இந்த ஆளும் பட்டறையும் கணக்கு விளங்குவதற்காக அமைக்கப்பட்டவை. சட்டப் பிரிவுகளும் அட்டவணை எண்களும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன. விபத்து 2025 நவம்பர் 21-க்கு முந்தையது. அன்றுதான் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்தது. எனவே இங்கே பொருந்துவது 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2010-இல் பெயர் மாறிய பிறகும் இதை எல்லோரும், ‘வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன்’ என்ற பழைய பெயரின் சுருக்கமாக, ‘டபிள்யூ.சி. கேஸ்’ என்றே சொல்கிறார்கள்.

காப்பீட்டு நிறுவனம் போட்ட கணக்கு ரூ. 1,94,489. கடைசியில் நின்ற கணக்கு ரூ. 5,11,812. கை ஒன்றுதான், காயமும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் மூன்று லட்சத்துச் சொச்சம் எங்கே ஒளிந்திருந்தது என்பதே இந்த ஆய்வு.

எந்தக் கதவு?

முதலில் தீர்க்க வேண்டியது ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கேள்வி. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில், மாதச் சம்பளம் ரூ. 21,000-க்குள் இருந்தால் அந்தத் தொழிலாளி ஈ.எஸ்.ஐ.க்குள் வருவார். வந்துவிட்டால் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு டபிள்யூ.சி. கதவை அடைத்துவிடும். முதலாளி சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும் நிலைமை இதுதான். சந்தா ‘கட்டப்பட வேண்டியிருந்தது’ என்பதே காப்பீடு பெற்றவராகக் கருதப்படப் போதும். பணத்தை ஈ.எஸ்.ஐ. கழகம் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள 68-ஆம் பிரிவு இருக்கிறது.

மனு எழுதும்போது பலர் சறுக்குவது இங்கேதான். பட்டறை பெரியது என்று காட்டும் ஆவேசத்தில் ‘நாங்கள் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தோம்’ என்று எழுதிவிடுவார்கள். எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, மனுவே நிற்காது என்று வாதிடும். ஆள் எண்ணிக்கையை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே எழுத வேண்டும்.

உண்மையில் பன்னிரண்டு பேர் இருந்திருந்தால் ஈ.எஸ்.ஐ.யைத் தேடிப் போவதில் நஷ்டமில்லை. நிரந்தர ஊனத்துக்கு அங்கே வாழ்நாள் முழுவதும் மாதாமாதம் பணம் வரும். சராசரி நாள் கூலியில் 90 விழுக்காடு, அதில் ஊன விழுக்காடு. நாள் கூலி 600 ரூபாய், ஊனம் 30 விழுக்காடு என்றால் நாளுக்கு ரூ. 162. விலைவாசிக்கேற்ப அவ்வப்போது உயர்வும் உண்டு. 38 வயதுக்காரருக்கு மொத்தத் தொகையைவிட இது பெரும்பாலும் மேல்.

நம் பட்டறையில் எட்டுப் பேர்தான், ஆகவே டபிள்யூ.சி. கதவே திறந்திருக்கிறது. ‘பத்து பேர் இல்லை, ஆலைச் சட்டத்துக்குள்ளேயே வராது, எந்த இழப்பீடும் கிடையாது’ என்று முதலாளி தரப்பில் சொல்லப்பட்டது. இது தவறு. மின்சாரத்தால் இயந்திரம் ஓடி உற்பத்தி நடக்கும் இடமாக இருந்தால் போதும். யாருக்கெல்லாம் சட்டம் பொருந்தும் என்று சொல்லும் 1923 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அங்கே ஆள் எண்ணிக்கை கேட்பதில்லை.

முதல் வாரத்துக் காகிதங்கள்

மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர் மேற்பார்வையாளர். ‘எப்படி நடந்தது?’ என்ற மருத்துவரின் கேள்விக்கு அவர் சொன்ன பதில், ‘வீட்டில் கிரில் கேட்டில் நசுங்கியது’. மயக்கத்தில் இருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. கூட வந்தவர் சொல்வது பதிவாகிவிடும். அந்த ஒரு வரி பின்னால் வழக்கையே சாய்த்துவிடக்கூடியது. நினைவு தெளிந்ததும் மருத்துவரிடம் நேரில் சொல்லி, கேஸ் ஷீட்டில் திருத்தக் குறிப்பு எழுதவைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வேலை செய்யும்போது பவர் பிரஸ்ஸில் கை சிக்கியது’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வெளியே வர வேண்டும். அரசு மருத்துவமனை என்றால் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ‘ஏ.ஆர். காப்பி’, கட்டாயம் வாங்க வேண்டியது. இங்கே மூன்றாம் நாளே திருத்தம் எழுதப்பட்டது. தாமதம் மூன்று நாள் என்பதால், இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையர் அதை நம்பினார். மூன்று மாதமாக இருந்திருந்தால் நம்புவது கஷ்டம்.

அடுத்தது 10-ஆம் பிரிவின்படி முதலாளிக்கு எழுத்து மூலமான அறிவிப்பு. பெயர், முகவரி, விபத்து நாள், காரணம், காயம்: அரைப் பக்கம் போதும். பதிவு அஞ்சலில், ஒப்புகை அட்டையோடு. விரலை இழப்பது ‘கடும் காயம்’ ஆகையால், ஏழு நாளுக்குள் அறிக்கை அனுப்பும் கடமை 10பி பிரிவின்படி முதலாளிக்கும் உண்டு. அவர் அனுப்பவில்லை. அதையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்த்தால், விபத்தை மறைக்க முயன்றார் என்பதற்கு அது துணைச் சான்று. கோரிக்கை மனுவுக்கான கெடு விபத்திலிருந்து இரண்டு ஆண்டு. தாமதத்தை மன்னிக்க இடமுண்டு. அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

‘பாதுகாப்புத் தடுப்பை அவரே கழற்றினார்’

எதிர்பார்த்த வாதம்தான் வந்தது. இரு கையாலும் அழுத்தினால் மட்டுமே பிரஸ்ஸை இயக்கும் பட்டனை ஒதுக்கிவிட்டு ஃபுட் பெடலில் ஓட்டியது ஆபரேட்டரின் தவறு, ஆகவே 3(1)(பி) பிரிவின்படி பொறுப்பில்லை என்றார்கள். இந்த விலக்குக்குச் சட்டம் வைத்திருக்கும் நிபந்தனை கடினமானது. பாதுகாப்புச் சாதனம் என்று தெரிந்தே, வேண்டுமென்றே அகற்றியோ புறக்கணித்தோ இருக்க வேண்டும். அதை நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. வெறும் கவனக்குறைவு இழப்பீட்டை ஒரு ரூபாய்கூடக் குறைக்காது. பீஸ் ரேட் எட்ட வேண்டும் என்பதற்காக மேற்பார்வையாளர் கண்ணெதிரே எல்லோரும் பெடலில்தான் ஓட்டினார்கள் என்றால், அது பட்டறையின் வழக்கம்; ஒருவரின் மீறல் ஆகாது. மரணமோ நிரந்தர முழு ஊனமோ என்றால் இந்த விலக்கு எடுபடவே எடுபடாது.

தவிர, இங்கே காரணம் பெடலே இல்லை. ரோலிங் கீ கிளட்ச் (சுழலும் சக்கரத்தோடு ராமை இணைத்து விடுவிக்கும் அமைப்பு) வைத்த பழைய பிரஸ்களில் கீயின் முனை தேய்ந்தாலோ, அதை இழுத்து நிறுத்தும் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, பிரேக் லைனிங் போய் ராம் உச்சியில் நிற்காமல் சரிந்தாலோ இரட்டை அடி விழும். விபத்துக்கு மறுநாள் மெக்கானிக் வந்து கீயையும் ஸ்பிரிங்கையும் மாற்றியிருந்தார். சக தொழிலாளி ஒருவர் கைபேசியில் எடுத்து வைத்திருந்த அந்த பில்லின் படம், பத்து சாட்சிகளுக்குச் சமமாக வேலை செய்தது.

சம்பளம்: 15,000 வரை போதும்

பதிவேட்டில் ரூ. 9,500. கையில் வந்தது சராசரி ரூ. 18,200, மிச்சம் சனிக்கிழமைதோறும் ரொக்கமாக. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, விபத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதக் கூலியின் சராசரியே மாதச் சம்பளம். வருகை ஊக்கத்தொகை, கூடுதல் நேரக் கூலி சேரும். பயணப்படியும், பி.எஃப்.க்கு முதலாளி கட்டும் பங்கும் சேராது.

2020 ஜனவரி 3 முதல் இந்தக் கணக்குக்கு உச்ச வரம்பு ரூ. 15,000. அதற்கு முன் 8,000 ஆக இருந்தது. பழைய எண்ணை வைத்தே இன்னும் மனு எழுதுபவர்கள் உண்டு. ஆக 18,200 முழுவதையும் நிரூபிக்க மெனக்கெட வேண்டியதில்லை. 15,000-ஐத் தொட்டுவிட்டால் மீதிக்காகச் சண்டை போடுவது வீண். தொழிலாளி வைத்திருந்த பீஸ் கணக்கு நோட்டு, ரொக்கம் தட்டுப்பட்ட சில வாரங்களில் முதலாளி கைபேசி வழியே அனுப்பிய தொகைகள், ‘இந்த வாரம் 2,100 குறையுது அண்ணே’ என்ற வாட்ஸ்ஆப் செய்தி: இவை போதுமானதாக இருந்தன. அசல் கூலிப் பதிவேட்டைத் தாக்கல் செய்யும்படி மனு போட்டும் முதலாளி கொண்டுவரவில்லை. கொண்டுவராததே அவருக்கு எதிராகப் போனது.

விழுக்காடு

மொத்தக் கணக்கும் இங்கேதான் சுழல்கிறது, பெரும்பாலான பணம் தொலைவதும் இங்கேதான்.

சூத்திரம் எளிது. நிரந்தர முழு ஊனத்துக்கு: மாதச் சம்பளத்தில் 60 விழுக்காடு, பெருக்கல் நான்காம் அட்டவணையில் வயதுக்கேற்ற காரணி. 38 வயதுக்குக் காரணி 189.56. ஆக 9,000 × 189.56 = ரூ. 17,06,040. பகுதி ஊனம் என்றால் இதில் எத்தனை விழுக்காடோ அத்தனை. ஒரு விழுக்காடு இங்கே ரூ. 17,060 என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

காப்பீட்டு நிறுவனம் நீட்டியது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக எடுக்கப்பட்ட சான்றிதழ். அதில் 18 விழுக்காடு என்று இருந்தது. பதிவேட்டுச் சம்பளம் 9,500 மீது 18 விழுக்காடு போட்டதுதான் அந்த ரூ. 1,94,489. அந்தச் சான்றிதழ் வேறு சட்டத்துக்காக, வேறு அளவுகோலில் எழுதப்பட்டது. உடல் எவ்வளவு பழுதுபட்டது என்பதை அது சொல்கிறது. 1923 சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதுதான் இத்துறையில் மிகப் பழைய, மிகப் பரவலான பிழை. தொழிலாளி தரப்பு வழக்கறிஞர்களே சில சமயம் அந்த அட்டையைச் சான்றாவணமாகக் குறியிட்டுத் தங்கள் காலிலேயே கல்லைப் போட்டுக்கொள்வார்கள்.

முதல் அட்டவணையின் இரண்டாம் பாகத்தில் பெயர் சொல்லிக் கொடுக்கப்பட்ட காயங்களுக்கு மருத்துவரின் விழுக்காடே தேவையில்லை. அதைச் சட்டமே நிர்ணயித்துவிட்டது. சுட்டுவிரல் முழுவதும் போனால் 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. நடுவிரலுக்கு அதே வரிசையில் 12, 9, 7, 4. மோதிர விரல் அல்லது சுண்டுவிரலுக்கு 7, 6, 5, 2. கட்டைவிரல் முழுவதும் என்றால் 30. மருத்துவரிடம் வாங்க வேண்டியது ‘எந்த விரல், எந்த மட்டத்தில் துண்டிக்கப்பட்டது’ என்ற சான்றும் எக்ஸ்ரேயும்தான். ‘விரல் பகுதியாக இழப்பு’ என்று மேலோட்டமாக எழுதிய சான்று பயன்படாது. கணு எண்ணிக்கை எழுத்தில் இருக்க வேண்டும்.

இதன்படி சுட்டுவிரல் 14, நடுவிரல் இரண்டு கணு 9, கூட்டினால் 23. ஒரே விபத்தில் பல காயம் என்றால் கூட்டிக்கொள்ளலாம், முழு ஊனத் தொகையைத் தாண்டக் கூடாது, அவ்வளவே.

காப்பீட்டு வழக்கறிஞர் அட்டவணையின் இன்னொரு வரியைக் காட்டினார்: ‘ஒரு கையில் இரண்டு விரல் இழப்பு, 20 விழுக்காடு’. அட்டவணைக்குள்ளேயே இருக்கும் வினோதம் இது. சுட்டுவிரலையும் நடுவிரலையும் தனித்தனியே கூட்டினால் 26 வரும். மோதிர விரலும் சுண்டுவிரலும் என்றால் 14தான் வரும். பொதுவரி எந்தப் பக்கம் லாபமோ அந்தப் பக்கம் இழுக்கப்படும். இங்கே நடுவிரலின் அடிக்கணு மிச்சம் இருக்கிறது. ‘இரண்டு விரல் இழப்பு’ என்ற வரி அப்படியே பொருந்தவில்லை. ஆகவே விரல்வாரியான கணக்கே சரி.

மீதி மோதிர விரல். அது கையில் இருக்கிறது, ஆனால் இல்லை. அட்டவணையின் அடிக்குறிப்பு ஒன்று இதற்காகவே இருக்கிறது: ஓர் உறுப்பின் பயன்பாடு முழுமையாகவும் நிரந்தரமாகவும் போய்விட்டால், அந்த உறுப்பையே இழந்ததாகக் கொள்ள வேண்டும். ‘முழுமையாக’ என்ற சொல்லுக்குச் சான்று வேண்டும். ஆறு மாத பிசியோதெரபிக்குப் பிறகு, எலும்பு முறிவுச் சிகிச்சை மருத்துவர் ஒவ்வொரு மூட்டின் அசைவையும் கோணம் அளக்கும் கோனியோமீட்டரால் அளந்து எழுதினார்: நடு மூட்டு 70 டிகிரியில் உறைந்திருக்கிறது, நுனி மூட்டில் அசைவே இல்லை, நுனியில் உணர்ச்சி இல்லை, பிடிமானத்தில் அந்த விரல் பங்கெடுப்பதில்லை, மற்ற விரல்களுக்கு இடைஞ்சல். ‘விரல் விறைப்பு’ என்று இரண்டு சொல்லில் முடித்திருந்தால் 2 அல்லது 3 விழுக்காடு கிடைத்திருக்கும். அளவுகளோடு எழுதியதால் 7 கிடைத்தது. மொத்தம் 30.

அளவெடுக்கும் நேரமும் முக்கியம். வீக்கம் வடியுமுன் எடுத்தால், ‘இன்னும் சரியாகும்’ என்ற பதில் வரும். அசைவு இனி மாறாது என்ற நிலை வரும்வரை பொறுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக் கெடுவைத் தாண்டியும் பொறுக்கக் கூடாது. இங்கே அளவெடுத்தது ஏழாம் மாதம்.

அப்படியானால் நூறு விழுக்காடு ஏன் கேட்கவில்லை? கேட்பதற்கு வழி இருக்கிறது. விபத்தின்போது செய்யத் தகுதியாக இருந்த எல்லா வேலைகளையும் செய்ய முடியாமல் ஆக்குவதே ‘முழு ஊனம்’ என்கிறது சட்டம். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட தச்சருக்கு, ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் முழு ஊனமே என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. முழங்கால் வரை கால் போன டாங்கர் ஓட்டுநர் கே. ஜனார்தனுக்கு உயர் நீதிமன்றம் 65 ஆகக் குறைத்ததை 2008-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் 100 ஆக்கியது. இரண்டிலும் ஓர் அங்கமே போய், கற்ற தொழிலே அற்றுப்போனது. மூன்று விரலுக்கு 100 என்று கேட்டால், அவர் பைக் ஓட்டும் வீடியோவை எதிர்த்தரப்பு கொண்டுவரும். நம்பகத்தன்மை போய்விடும், 30-உம் ஆட்டம் காணும். எனவே மனுவில் 30-ஐ அட்டவணைப்படியான உரிமையாக வைத்து, டை செட்டிங்கில் கிளாம்ப் போல்ட்டைப் பிடிக்க முடியாதது, மைக்ரோமீட்டரைத் திருக முடியாதது ஆகியவற்றைக் காட்டி அதிக விழுக்காடு மாற்றுக் கோரிக்கையாகக் கேட்கப்பட்டது. ஆணையர் மாற்றுக் கோரிக்கையை ஏற்கவில்லை. அந்தத் திறமைகளைக் காட்டும் சம்பள வேறுபாடு எதுவும் ஆவணத்தில் இல்லை என்பது அவர் சொன்ன காரணம், அதில் பிழை சொல்ல முடியாது.

வயதைப் பற்றி ஒரு வரி. ஆதாரில் 1983 என்று ஆண்டு மட்டும், பள்ளிச் சான்றில் 1984 மார்ச். 39 வயது என்றால் காரணி 186.90, 30 விழுக்காட்டில் வித்தியாசம் ரூ. 7,182. இதற்காக இரண்டு வாய்தா வீணானது.

பத்திரத்தில் வாங்கிய கையெழுத்து

இரண்டாம் மாதம் முதலாளி ரூ. 75,000 கொடுத்து, ‘முழு இழப்பீடும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கியிருந்தார். மருத்துவமனை பில்லையும் அவரே கட்டியதால் தொழிலாளி மறுக்கவில்லை. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 17-ஆம் பிரிவின்படி செல்லாது. உடன்பாடு எதுவானாலும் 28-ஆம் பிரிவின்படி ஆணையரிடம் பதிவாக வேண்டும். பதியாவிட்டால் 29-ஆம் பிரிவு: முதலாளி முழுத் தொகைக்கும் பொறுப்பு, ஆணையர் வேறுவிதமாகச் சொன்னால் தவிர, கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே 75,000-இல் 37,500 மட்டுமே கழிந்தது. மருத்துவச் செலவு கழியவே கழியாது. அது 2009 திருத்தத்துக்குப் பிறகு முதலாளியின் தனிக் கடமை.

வட்டி, அபராதம், யார் கட்டுவது

இழப்பீடு ‘பாக்கியாவது’ விபத்து நாளிலா, உத்தரவு நாளிலா என்ற குழப்பம் நெடுங்காலம் இருந்தது. 2007-இல் முபசிர் அகமது வழக்கு உத்தரவு நாள் என்றது. பிரதாப் நாராயண் தீர்ப்பைக் கவனிக்காததால் அது வழிகாட்டியாகாது என்று 2012-இல் சிபி ஜார்ஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. விபத்து நாளே கணக்கு. வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு, தனி வட்டி. நியாயமான காரணமில்லாத தாமதத்துக்கு 50 விழுக்காடு வரை அபராதமும் உண்டு. விளக்கம் கேட்டு அறிவிப்பு கொடுக்காமல் விதித்தால் மேல்முறையீட்டில் நிற்காது.

இன்னொன்றைப் பலர் பயன்படுத்துவதில்லை. தொகையில் தகராறு இருந்தாலும், தான் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு முதலாளி உடனே தற்காலிகமாகக் கட்ட வேண்டும் என்கிறது 4ஏ(2). 18 விழுக்காட்டை ஒப்புக்கொண்ட அன்றே அந்தத் தொகையைக் கட்டும்படி மனு போட்டிருக்கலாம். இங்கே போடவில்லை. தொழிலாளி அந்த ஓராண்டையும் கடனில் ஓட்டினார்.

முதலாளியிடம் டபிள்யூ.சி. பாலிசி இருந்தது. வாகனக் காப்பீடு என்றால், 1997-இன் வேத் பிரகாஷ் கார்க் தீர்ப்புப்படி அசலும் வட்டியும் காப்பீட்டு நிறுவனத்துக்கு, அபராதம் முதலாளிக்கு. டபிள்யூ.சி. பாலிசி கட்டாயக் காப்பீடு இல்லை என்பதால், வட்டி தங்கள் பொறுப்பில்லை என்று பாலிசியிலேயே எழுதிக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு என 2006-இல் ஹர்ஷத்பாய் மோதியா வழக்கில் தீர்ப்பானது. எனவே பாலிசியின் முழு நகலையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்; முகப்புப் பக்கம் போதாது. இந்தப் பாலிசியில் வட்டி விலக்கு இருந்ததால் வட்டி முதலாளி தலையில் விழுந்தது.

உத்தரவின் கணக்கு: இழப்பீடு ரூ. 5,11,812. கழிவு 37,500 போக ரூ. 4,74,312. 2024 ஆகஸ்ட் 10-இல் பணம் கட்டப்பட்டதால் இரண்டு ஆண்டு வட்டி ரூ. 1,13,835. கூட்டினால் ரூ. 5,88,147. அபராதம் விதிக்கப்படவில்லை.

பணம் ஆணையர் அலுவலகத்தில் கட்டப்பட்டு அங்கிருந்து தொழிலாளிக்குப் போக வேண்டும். கட்டாவிட்டால் 31-ஆம் பிரிவின்படி நிலவரி பாக்கிபோல வசூலிக்கலாம். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 60 நாள்; சாரமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே. முதலாளி மேல்முறையீடு செய்தால், முழுத் தொகையையும் கட்டிவிட்டேன் என்ற ஆணையரின் சான்றிதழ் இல்லாமல் மனுவை எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள்.